கரீபியன் கப்பல் பயணம் போகும் ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மூன்று முறை கரீபியன் கடலில் கப்பல் பயணம் போய் வந்தோம். அவருக்கு வயது 71, வலது முழங்காலில் தேய்மானம். எனக்கு 67, சர்க்கரை உண்டு. போய் வந்ததிலிருந்து யாராவது ஒருவர் போன் செய்து சந்தேகம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆள்தான் வேறு, கேள்வி அதேதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

க்ரூஸ்னா ஏழு நாளும் கப்பலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கணுமா? ஊரெல்லாம் பார்க்க முடியாதா?

பார்க்கலாம். பெரும்பாலும் கப்பல் ராத்திரியில் ஓடும், காலையில் ஒரு தீவில் போய் நிற்கும். காலை எட்டு மணிவாக்கில் இறங்கினால் சாயந்திரம் நாலு, ஐந்து மணிக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். ஏழு இரவுப் பயணத்தில் மூன்று நான்கு நாள் இப்படிக் கரை, மீதி நாள் கடல். பெட்டியை ஒரு தடவை பிரித்து அலமாரியில் வைத்தால் போதும், ஊர் மாறும்போதெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதில்லை. எங்கள் வயதுக்கு இதுதான் பெரிய சௌகரியம்.

கிழக்கு கரீபியன், மேற்கு கரீபியன், தெற்கு கரீபியன்னு மூணு போட்டிருக்காங்களே, எதுல போறது?

மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவெரல் போன்ற ஃப்ளோரிடா துறைமுகங்களிலிருந்து கிளம்பும் கப்பல்கள் கிழக்கே போனால் புவர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டன் வரும். மேற்கே போனால் மெக்சிகோவின் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, பெலீஸ், ஹொண்டுராசின் ரோவடான் வரும். தெற்குப் பயணத்தில் பார்படோஸ், செயின்ட் லூசியா, கிரெனடா, மார்ட்டினிக் ஒரு பக்கம், அரூபா, குரசாவ், பொனேர் இன்னொரு பக்கம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் கிழக்கைச் சொல்வேன். சான் ஹுவானிலும் செயின்ட் தாமசிலும் இறங்கின இடத்திலிருந்தே ஊர் தொடங்கிவிடும், அவசரம் இல்லாமல் பார்க்கலாம். மேற்கில் பார்க்க வேண்டியவை துறைமுகத்திலிருந்து தள்ளி இருக்கின்றன, பஸ்ஸும் படகும் மாறி மாறி ஏற வேண்டும். தெற்குதான் மூன்றிலும் அழகு. ஆனால் ஏழு நாளில் பார்க்க வேண்டுமானால் சான் ஹுவானிலிருந்தோ பார்படோசிலிருந்தோ கிளம்பும் கப்பலைப் பிடிக்க வேண்டும், அதற்குத் தனியாக விமானம்.

எந்த மாசம் நல்லது? நடுக்கடல்ல புயல் வந்தா என்ன பண்றது?

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் வரை உச்சம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானிலை நன்றாக இருக்கும், விலையும் கூட்டமும் அதற்கேற்ப ஏறும். பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாத நமக்கு ஜனவரி இரண்டாம் வாரம் தோதானது. புத்தாண்டுக் கூட்டம் போயிருக்கும், குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பியிருப்பார்கள்.

புயல் வந்தால் கப்பல் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளாது. பல நாள் முன்பே தெரிந்துவிடும், பாதையை மாற்றி விலகிப் போவார்கள். நமக்கு நேரும் நஷ்டம் பார்க்க நினைத்த தீவு கைநழுவிப் போவதுதான். செப்டம்பரில்தான் போக முடியும் என்றால் அரூபா, குரசாவ், பொனேர் பக்கம் பாருங்கள். அவை வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன.

பாஸ்போர்ட் கட்டாயமா? விசா எத்தனை வேணும்?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடிமக்கள், கிளம்பின அமெரிக்கத் துறைமுகத்துக்கே திரும்பும் பயணங்களில் பிறப்புச் சான்றிதழும் படம் போட்ட அரசு அடையாள அட்டையும் காட்டியே போய் வரலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் நடுவில் உடம்பு சரியில்லாமல் ஏதாவது தீவிலிருந்து விமானத்தில் திரும்ப நேர்ந்தால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஏற முடியாது.

மற்ற நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கப்பல் அமெரிக்காவை விட்டுப் போய்த் திரும்ப வருகிறது, ஆகவே அது மறுபடியும் அமெரிக்காவுக்குள் நுழைவதுதான். பலமுறை நுழைவு விசாவாக இருக்க வேண்டும். மற்றத் தீவுகளின் விதி ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் மாறும். போகும் வழியிலுள்ள எல்லா நாட்டுக்கும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு நாட்டுக்கு இல்லையென்றாலும் ஏற்றமாட்டோம் என்று சொல்ல கப்பல்காரர்களுக்கு உரிமை உண்டு.

எந்த ரூம் எடுக்கலாம்? பால்கனிக்கு அவ்வளவு காசு கொடுக்கணுமா?

ஜன்னலே இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட் என்று நான்கு வகை. நாங்கள் மூன்றையும் பார்த்துவிட்டோம், சூட் மட்டும் பாக்கி. உள்ளறையில் விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். தூங்க அருமை, ஆனால் எழுந்தால் மணி தெரியாது. இருவரில் ஒருவர் அடிக்கடி படுக்க வேண்டியவர் என்றால் பால்கனி வீண் செலவில்லை. ஒருவர் படுத்திருக்க மற்றவர் வெளியே உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம்.

வகையைவிட இடம் முக்கியம். நடுக்கப்பலில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. லிஃப்ட்டுக்குப் பக்கமாகக் கேளுங்கள், பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம், கண்ணாடியை அறையில் மறந்து வைத்துவிட்டால் அது ஒரு நடைப்பயிற்சி. வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலும் கீழும் அறைகளே இருக்கிறதா பாருங்கள். நீச்சல்குளத் தளத்துக்கு அடியில் எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும்.

எனக்குப் பஸ்ல போனாலே வாந்தி. கப்பல்ல தாங்குமா?

கரீபியன் கடல் பொதுவாக அமைதி. பெரிய கப்பல்களில் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகள் வேறு இருக்கும். பஸ்ஸில் வாந்தி வருகிற என் நாத்தனாருக்குக் கப்பலில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரைச் சுற்றுலாவுக்கு ஏறின சின்னப் படகில் ஆயிற்று.

மாத்திரை விஷயத்தில் கவனம். மெக்லிசின் தூக்கம் வரவைக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் சிறுநீர் இறங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் ஆகாது, வயதானவர்களைக் குழப்பத்திலும் தள்ளும். யாரோ கொடுத்தார்கள் என்று ஒட்டிக்கொள்ளாமல் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். தொடுவானத்தைப் பார்ப்பது, இஞ்சி, வயிற்றைக் காலியாக விடாமல் இருப்பது, இவை யாருக்கும் கெடுதல் செய்யாது.

டிக்கெட் விலை பார்த்தா மலிவா இருக்கே. அதுக்கு மேல எவ்வளவு ஆகும்?

மலிவாகத் தெரிவது அதனால்தான். பெரிய நிறுவனங்களில் பணியாளர் டிப்ஸ் என்று ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை உங்கள் கப்பல் கணக்கில் தானாகவே ஏறும். இரண்டு பேர், ஏழு நாள் என்றால் 225 முதல் 280 டாலர் ஆயிற்று. இணையம், குளிர்பானம், மது, தனி உணவகங்கள், துறைமுகம் வரை விமானம், முதல் நாள் ஓட்டல், காப்பீடு எல்லாம் தனி. கரைச் சுற்றுலாதான் இதில் பெரிய ஓட்டை.

குடிவகைத் தொகுப்பை ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் இன்னொருவரும் வாங்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. கணவர் மட்டும் குடிப்பவர் என்றால் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். கப்பலில் ஏறினவுடன் போனை 'ஏரோப்ளேன் மோடு'க்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கப்பலின் சொந்த அலைவரிசையில் ஒட்டிக்கொண்டு பில் எகிறும்.

சைவம் மட்டும்தான் சாப்பிடுவோம். பட்டினி கிடக்கணுமா?

கிடக்க வேண்டாம். பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், ஏறின முதல் இரவு உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் மறுபடியும் சொல்லுங்கள். மறுநாளுக்கு வேண்டியதை முந்தின இரவே கேட்டால் செய்து தருகிறார்கள். சூப்பில் கோழிச் சாறு ஊற்றியிருப்பார்கள், அதை மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, கரைல சுத்திப் பார்க்க கப்பல்லயே புக் பண்ணணுமா, வெளியில பண்ணா பாதி விலைதானாமே?

பாதியில்லாவிட்டாலும் குறைவுதான், கூட்டமும் குறைவு. கப்பல் சுற்றுலாவில் நாற்பது பேர் பஸ்ஸில் இருப்பார்கள். கழிப்பறைக்கு நின்றால் நாற்பது பேரும் வந்து சேர வேண்டும். வெளியில் எடுத்தால் எட்டுப் பேர் வண்டி.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாக எடுத்தது தாமதமானால் கப்பல் போய்விடும். மேல்தளத்தில் காபியோடு நின்று, கரையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு. நாம் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாது.

நான் கடைப்பிடிப்பது இதுதான். துறைமுகத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிடக்கூடிய இடம் என்றால் வெளியில், அல்லது சொந்தமாக. தீவின் மறுமுனை, படகு மாறிப் போகும் இடம், ஒரே சாலை உள்ள மலைப்பாதை என்றால் கப்பல் சுற்றுலா. ஏற வேண்டிய கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டு மணி நேரம் முன்னதாகத் துறைமுகத்தில் இருக்கும்படி திட்டம் போடுவேன்.

வாசல்ல எழுதியிருக்கிற நேரம் கப்பல் நேரமா, ஊர் நேரமா? நாங்க போன தடவை குழம்பிட்டோம்.

குழம்பாதவர்கள் யாரும் இல்லை. சில கப்பல்கள் தீவுக்குத் தீவு கடிகாரத்தை மாற்றும், சில மயாமி நேரத்திலேயே கடைசிவரை ஓடும். ஏற வேண்டிய நேரம் எப்போதும் கப்பல் நேரத்தில்தான். போன் என்ன செய்யும்? கரையில் இறங்கினவுடன் அது தானாக ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் செயின்ட் மார்ட்டன், செயின்ட் லூசியா, பார்படோஸ் எல்லாம் மயாமியைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும், கோடையில் சமம். கோசுமெல், ஜமைக்கா, கேமன் மூன்றும் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆகவே குளிர்காலத்தில் மயாமியோடு சமம், கோடையில் ஒரு மணி நேரம் பின்னால். இதுதான் ஆபத்தானது. போனில் மூன்றரை என்று காட்டும், கப்பலில் நாலரை ஆகியிருக்கும். என் கணவர் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்கிறார். அதில் கை வைக்க யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும்தான்.

சில ஊர்ல 'டெண்டர்'னு போட்டிருக்கே, அது என்ன?

கப்பல் கரையில் கட்டாமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் படகுதான் டெண்டர். கிராண்ட் கேமனும் பெலீஸ் சிட்டியும் இப்படித்தான். கேமனில் பத்து நிமிடத்தில் கரை. பெலீசில் கடல் ஆழமில்லாததால் கப்பல் வெகுதூரத்தில் நிற்கும், படகில் இருபது முப்பது நிமிடம்.

முழங்கால்காரர்கள் கவனிக்க வேண்டியது, படகு அலையில் ஏறி இறங்கும். அது கப்பல் கதவுக்குச் சமமாக வரும் அந்த நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் பணியாளர்கள் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். நாம் அவர்களைப் பிடிக்கக் கூடாது, அவர்கள்தான் நம்மைப் பிடிக்க வேண்டும், ஆகவே இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். பையை முதுகில் மாட்டுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை அலை அதிகமான நாளில் ஏற்ற மறுப்பார்கள். அப்படியென்றால் டெண்டர் குறைவாக உள்ள பயணமாகத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு ரெண்டு மூட்டும் தேஞ்சு போச்சு. எந்த ஊர்ல எதைப் பார்க்கலாம், எதை விட்டுடலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் ஒரு கணக்கு. கோசுமெல்லில் இறங்கி டுலும் என்ற மாயன் கோட்டையைப் பார்க்கப் போனோம். படத்தில் நீலக் கடல் மேல் கல்கோட்டை, பார்த்தவுடன் பணம் கட்டிவிட்டேன். கப்பலிலிருந்து நடை, முக்கால் மணி நேரம் படகு, அப்புறம் ஒரு மணி நேரம் பஸ், வெயிலில் நடை, திரும்ப அதே வழி. ஏழு மணி நேரத்தில் கோட்டைக்குள் இருந்தது ஒன்றேகால் மணி. படகில் பாதிப் பேர் காகிதப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து சுற்றுலா விவரத்தில் படத்தைப் பார்ப்பதில்லை, மொத்த நேரத்தில் போக்குவரத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறேன்.

மூட்டுக்கு இதமானவை என்றால், செயின்ட் கிட்ஸ் ரயில் முதலில் வரும். கரும்பு ஏற்ற 1912க்கும் 1926க்கும் இடையில் போட்ட குறுகிய பாதை, இப்போது பயணிகளுக்கு ஓடுகிறது. ரயிலில் சுமார் 30 கிலோமீட்டர், மீதிப் பாதை பஸ், தீவையே சுற்றிக் காட்டிவிடுவார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. பார்படோசில் ஹாரிசன் குகைக்குள் மின்வண்டியிலேயே கொண்டுபோகிறார்கள். குரசாவின் வில்லெம்ஸ்டாட்டில் ஒன்றுமே பதிவு செய்ய வேண்டாம். 1888இல் கட்டின மிதவைப் பாலம் ஒன்று இருக்கிறது. மணி அடித்ததும் பாலமே ஒரு கதவு மாதிரித் திறந்து கப்பலுக்கு வழி விடும். அதற்கு எதிரே நிழலில் ஒரு நாற்காலி பிடித்து, மஞ்சளும் சிவப்புமாக நிற்கும் டச்சு வீடுகளைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூன்று பயணத்திலும் இவருக்குப் பிடித்த நாள் அதுதான்.

யோசித்துப் போக வேண்டியவை: ஜமைக்காவின் டன்ஸ் ரிவர் அருவியில் ஏறுவது. சுமார் 180 மீட்டர் நீளத்துக்கு வழுக்குப் பாறை, கைகோத்து வரிசையாக ஏறுவார்கள், ஒருவர் வழுக்கினால் வரிசையே ஆடும். பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறது, அதில் நின்று பார்த்தால் போதும். சான் ஹுவானின் எல் மோரோ கோட்டையில் சரிவும் படியும் அதிகம், கோட்டைக்கு முன்னால் நிழலே இல்லாத பெரிய புல்வெளி வேறு. செயின்ட் தாமசில் டேனியர்கள் கட்டின 99 படிகள் என்று ஒன்று உண்டு. எண்ணினால் 103 வரும். எண்ணிச் சொன்னவர் என் கணவர் இல்லை, நான். அவர் கீழே கடையில் இருந்தார். செயின்ட் லூசியாவில் காஸ்ட்ரீசிலிருந்து பிட்டன் மலைகளைப் பார்க்கப் போகும் சாலை வளைவோ வளைவு. அங்கே படகில் போவது மேல்.

இவருக்கு நடக்க முடியாது, எனக்கு எல்லாம் பார்க்கணும். ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தர் போனா நல்லாவா இருக்கும்?

நன்றாகவே இருக்கும். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு ஐந்து மணி நேரம் பிரிந்திருந்தால் ஒன்றும் ஆகாது. எல்லோரும் இறங்கிப் போன கப்பல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நீச்சல்குளம் காலி, நூலகம் காலி, பிடித்த நாற்காலியில் உட்காரலாம். என் கணவர் ஆன்டிகுவாவில் இறங்கவே இல்லை. நான் நெல்சன் கப்பல் தளத்தைப் பார்த்துவிட்டுக் கதை சொல்ல வந்தால், அவரிடம் என்னைவிட நிறையக் கதை இருந்தது.

இரண்டு ஏற்பாடு மட்டும் தேவை. கப்பலில் இருப்பவரின் மாத்திரை, பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தனியாகப் போகிறவர் கப்பல் சுற்றுலாவில்தான் போக வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான்.

நீச்சல் தெரியாது. ஆனா தண்ணியில ஒரு தடவையாவது இறங்கணும்னு ஆசை.

கிராண்ட் கேமனின் ஸ்டிங்ரே சிட்டி உங்களுக்குத்தான். கடல் நடுவே மணல்திட்டு, தண்ணீர் இடுப்பளவு. மீனவர்கள் அங்கே மீனைக் கழுவிக் கழிவைப் போட்டு வந்ததில் திருக்கை மீன்கள் பழகிவிட்டன. படகு நின்றவுடன் அவையே வந்து காலை உரசும், ஈர வெல்வெட் மாதிரி. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடக்கச் சொல்வார்கள். மீனை மிதித்துவிட்டால் வாலில் இருக்கும் முள்ளால் குத்தும், மிதிக்காவிட்டால் ஒன்றும் செய்யாது. படகிலிருந்து இறங்கும் ஏணியைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், மூட்டுக்குச் சோதனை அங்கேதான்.

முகமூடி போட்டு மிதந்து பவளப்பாறை பார்க்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். கடற்கரையில் சின்ன ஆப்பிள் போலப் பச்சைக் காய் விழுந்து கிடந்தால் தொடாதீர்கள், மான்சினீல் மரம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழையில் அதன் அடியில் ஒதுங்கினால்கூடச் சொட்டுத் தண்ணீர் சுடும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள்.

டாக்ஸிக்காரங்க ஏமாத்துவாங்களா? எந்தக் காசு எடுத்துட்டுப் போகணும்?

ஏமாற்றுவதைவிட நாம் தவறாகப் புரிந்துகொள்வதுதான் அதிகம். பல தீவுகளில் மீட்டர் கிடையாது, அரசு போட்ட விலைப்பட்டியல் துறைமுக வாசலிலேயே இருக்கும். ஏறும் முன் மூன்று கேள்வி: ஆளுக்கா வண்டிக்கா, போக மட்டுமா திரும்பவுமா, அமெரிக்க டாலரா உள்ளூர் டாலரா. மூன்றாவதுதான் ஆளை விழுத்தும். செயின்ட் லூசியா, கிரெனடா, ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ் எல்லாம் கிழக்குக் கரீபியன் டாலர், 2.70க்கு ஓர் அமெரிக்க டாலர். பார்படோஸ் டாலர் இரண்டுக்கு ஒன்று. கேமனில் தலைகீழ், அவர்கள் டாலர் அமெரிக்க டாலரைவிடப் பெரிது. விலைச்சீட்டு மலிவாகத் தெரியும், பில்லில் ஏறும்.

அமெரிக்க டாலர் ஏறக்குறைய எங்கும் வாங்கிக்கொள்வார்கள், ஒன்று ஐந்து நோட்டுகளாக வைத்திருங்கள். மார்ட்டினிக், குவாடலூப் இரண்டும் பிரான்ஸ், அங்கே யூரோதான்.

நடுக்கடல்ல நெஞ்சு வலின்னா யார் பார்ப்பா?

கப்பலில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள். முதலுதவி, ஊசி, ஈசிஜி எல்லாம் முடியும், அறுவை சிகிச்சைக்கான இடம் அது இல்லை. தீவிரம் என்றால் அடுத்த தீவில் இறக்குவார்கள் அல்லது ஹெலிகாப்டர். கப்பல் மருத்துவமனைக் கட்டணம் அறைக் கணக்கில் ஏறும், விமானத்தில் கொண்டுபோவது பல்லாயிரம் டாலர். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலோ அதிலிருந்து ஆறு மணி நேரத் தொலைவுக்குள்ளோ இருந்தால்தான் பார்க்கும். ஆகவே காப்பீடு வாங்கும்போது அவசர மருத்துவ இடமாற்றம் இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்க்குச் செல்லுமா என்ற இரண்டையும் பாருங்கள். முன்பணம் கட்டி இரண்டு வாரத்துக்குள் வாங்கினால் இரண்டாவது எளிதாகக் கிடைக்கும்.

மாத்திரைகள் கைப்பையில்தான். ஏறும் நாளில் பெரிய பெட்டி அறைக்கு வர சாயந்திரம் ஆகலாம். இன்சுலினுக்குக் குளிர்பெட்டி முன்பே கேட்டு வாங்குங்கள், அறையிலிருப்பது போதிய குளிராக இல்லாமல் போகலாம். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரசுக்கு ஆல்கஹால் கலந்த சானிட்டைசர் அவ்வளவாகப் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான்.

சரி, நிஜமாவே கப்பலை விட்டுட்டோம்னா?

துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் முகவர் இருப்பார். அவர் பெயரும் எண்ணும் தினசரி நிகழ்ச்சித் தாளில் இருக்கும், இறங்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல கப்பல்களில் ஆள் வரவில்லை என்று தெரிந்ததும் அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த துறைமுகத்துக்கு விமானச் செலவு உங்களுடையது. பாஸ்போர்ட் இல்லாமல் பிறப்புச் சான்றிதழோடு வந்தவர்கள் இந்த இடத்தில்தான் தவிப்பார்கள்.

ஒரு தீவுக்குக் கப்பல் போகவே இல்லை. பணம் திருப்பித் தருவாங்களா?

காற்று, அலை, அவசர நோயாளி என்று எந்தக் காரணத்துக்காகவும் கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிடலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. துறைமுகக் கட்டணமும் வரியும் திரும்பக் கிடைக்கலாம், சின்னத் தொகை. கப்பலில் பதிவு செய்த சுற்றுலாப் பணம் முழுதாகத் திரும்பும். வெளியில் எடுத்தது அவரவர் விதிப்படி. ஆகவே "கப்பல் வராவிட்டால் பணம் வாபஸ்" என்று எழுத்தில் தருகிறவர்களிடம் மட்டும் எடுங்கள். டெண்டர் ஊர்கள்தான் அதிகம் கைவிடப்படும்.

அந்தத் தீவுகள்ல நம்ம ஆளுங்க கோயில் கட்டி வெச்சிருக்காங்களாமே, உண்மையா?

உண்மை. பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போயிற்று. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1853இல் மார்ட்டினிக், 1854இல் குவாடலூப். குவாடலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் தமிழர்கள். மொழி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. முத்துசாமி, ராமசாமி என்றெல்லாம் குடும்பப் பெயர்கள், பிரெஞ்சு எழுத்தில். அங்கே பிறந்து 1863 முதல் 1952 வரை வாழ்ந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர் இவர்களுக்குக் குடியுரிமையும் வாக்கும் வேண்டும் என்று 1904 முதல் 1923 வரை வழக்காடி வாங்கிக் கொடுத்தார்.

குவாடலூப்பில் கப்பல் நிற்கும் ப்வான்ட்-அ-பித்ரிலிருந்து டாக்ஸி வைத்து, காபெஸ்தேர் பக்கம் ஷான்ஜியில் இருக்கும் கோயிலுக்குப் போனோம். வண்ண வண்ணமாகக் கோபுரச் சிலைகள். மாரியம்மனை அங்கே மாலியமேன் என்கிறார்கள். வாசலில் ஒரு பாட்டி எங்களைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. நான் தமிழில் பதில் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மதியம் 'கொலொம்போ' என்று ஒரு மசாலாக் குழம்பு சாப்பிட்டோம். பெயர் கொழும்பு நகரத்திலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, குழம்பு என்ற சொல்தான் அப்படி ஆயிற்று என்று இன்னொரு கட்சி. சாப்பிட்ட பிறகு நான் இரண்டாவது கட்சி.

எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது, கொண்டுவரக் கூடாது?

ராணுவப் புள்ளி போட்ட சட்டை, தொப்பி வேண்டாம். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா உட்படப் பல தீவுகளில் பொதுமக்கள் அதை உடுத்துவது சட்ட விரோதம். பேரன் வாங்கிக் கொடுத்த தொப்பியானாலும் பறிமுதல்தான். மின்னழுத்தக் காப்புள்ள (சர்ஜ் ப்ரொடெக்டர்) எக்ஸ்டென்ஷன் பலகையைக் கப்பலில் பறிமுதல் செய்வார்கள். அமெரிக்க வர்ஜின் தீவுகள், அரூபா, பொனேரில் பவளப்பாறையைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன் கலந்த வெயில் களிம்புக்குத் தடை.

திரும்பும்போது பவளம், ஆமை ஓடு வாங்காதீர்கள். காலைச் சாப்பாட்டில் எடுத்த வாழைப்பழம்கூடக் கைப்பையில் இருக்கக் கூடாது. கரையில் மோப்ப நாய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் வரிசை முழுக்க உங்களைத்தான் பார்க்கும்.

கடைசி ராத்திரி பெட்டியை வெளியில வெச்சுடணுமாமே, பத்திரமா?

பத்திரம்தான். கலர் அட்டை கட்டி, அவர்கள் சொன்ன நேரத்துக்குள் அறை வாசலில் வைத்துவிட்டால் காலையில் துறைமுகக் கூடத்தில் அதே கலர் பலகையின் கீழ் இருக்கும். படிக்கட்டிலும் லிஃப்ட்டிலும் இழுத்துக்கொண்டு இறங்க வேண்டாம் என்பதால் எங்கள் வயதுக்கு நல்ல வசதி.

மறுநாள் உடுத்த வேண்டியதை முதலில் எடுத்துக் கட்டில்மேல் வையுங்கள், அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள். முதல் பயணத்தில் என் கணவர் எல்லாவற்றையும் மடித்து அழகாகப் பூட்டி வாசலில் வைத்துவிட்டார். காலையில் எழுந்தால் அவரிடம் இருந்தது ஒரு சட்டையும் நீச்சல் கால்சட்டையும். குடிநுழைவு அதிகாரி பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், "விடுமுறையைத் தொடர்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு அனுப்பினார்.